கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிவருகிறீர்களா? வீட்டுக்கு நெட் எடுக்கும் முன் படியுங்கள்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் கொழிஞ்சாம்பாறை தாண்டிக் கோபாலபுரம் வரைக்கும், இன்னொரு பக்கம் வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எங்கே திரும்பினாலும் டீக்கடைப் பேச்சு தமிழில்தான் இருக்கும். கரண்ட் பில் மட்டும் கேரள மின்வாரியமான கேஎஸ்இபியிடமிருந்து வரும். கோவையில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தவர்கள், கல்லூரிக்கு வரும் ஆசிரியர்கள், தென்னந்தோப்பு வாங்கியவர்கள் என்று இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் உண்டு. வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்தக் கம்பெனி நெட் நல்லது?"

கோவையில் அது சரியான கேள்வி. இங்கே அதைக் கேட்டுப் பயனில்லை. உங்கள் தெரு போஸ்டில் யாருடைய கேபிள் போகிறது, அது அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யார் என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெருவில் நடங்கள்

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா என்று கேட்பது போலவே நெட்டையும் பார்த்துவிட வேண்டும். பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை போய் வந்தால் நல்லது.

பகலில் பார்க்க வேண்டியது போஸ்ட். மேலே கரண்ட் கம்பி, அதற்குக் கீழே கறுப்பு ஒயர்கள் வளையம் வளையமாகச் சுற்றிக் கட்டிக் கிடக்கும். அங்கங்கே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி தொங்கினால், பெரும்பாலும் அது ஃபைபரை, அதாவது கண்ணாடி இழை கேபிளை, பிரித்து வீடுகளுக்குக் கொடுக்கிற இடம். அந்தப் பெட்டியிலிருந்து நீங்கள் பார்த்த வீட்டு வாசல் வரைக்கும் எத்தனை போஸ்ட் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டியே தெருவில் இல்லை, ஆனால் தடித்த கேபிள் மட்டும் நேராகப் போகிறது என்றால், அது வேறு ஊருக்குப் போகிற லைனாக இருக்கலாம். வாசலில் ஃபைபர் போகிறது என்பதற்காக உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு மாடிக்கு மெல்லிய தட்டை ஒயர் ஒன்று இறங்கினால் தயங்காமல் அந்த வீட்டில் கேளுங்கள். "ஏனுங்க, உங்க வீட்ல நெட் யாருதுங்க?" என்று தொடங்கினால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். ஆடிக் காற்றில் எத்தனை நாள் போனது, யாரைக் கூப்பிட்டால் வருவார், ராத்திரியில் வீடியோ சுற்றுகிறதா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். பேச்சோடு பேச்சாக அந்த கேபிள்காரரின் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியின் இலவச எண்ணைவிட அது பெரிய சொத்து.

நிறுவனத்தின் ஆப்பில் பின்கோடு போட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 678555 என்று அடித்தால் "கிடைக்கும்" என்று பச்சை காட்டும். அந்தப் பச்சை கடைவீதிக்கு உண்மை. அதே பின்கோட்டில் இருக்கிற தோப்பு வீட்டுக்கு உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

தோப்பு வீடு என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். சாலையிலிருந்து வீடு உள்ளே தள்ளி இருக்கும். நடுவில் போஸ்ட் இருக்காது. கேபிள்காரர் தென்னை மரத்தில் கட்டி இழுத்துத் தருகிறேன் என்பார். மரத்துக்கு மரம் கட்டிய ஒயர் காற்றில் மரத்தோடு ஆடும், மட்டை விழுந்தால் அறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கிற காற்று உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், தென்னைக்குப் பழசு. முடிந்தால் வேலியோரமாக இரும்புக் குழாய் நட்டு அதில் இழுக்கச் சொல்லுங்கள், அல்லது சொட்டுநீர்க் குழாய் தோண்டும்போது கூடவே ஒரு பிவிசி குழாய் புதைத்து அதற்குள் விடுங்கள். அந்தச் செலவு உங்களுடையதுதான், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இரவு பார்க்க வேண்டியது கைபேசி சிக்னல். அது பின்னால் வரும்.

இரண்டாம் படி: எல்லை நெட்டுக்கும் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோபாலபுரத்திலோ நடுப்புணியிலோ குடியிருந்தால் இந்த எரிச்சல் நிச்சயம் வரும். சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெதிரே, தமிழ்நாட்டு கேபிள்காரர் நல்ல ஃபைபர் வைத்திருப்பார். "ஒரு ஒயர்தானே, இழுத்துவிட்டால் என்ன?" என்று தோன்றும்.

இந்தியாவில் இணையச் சேவை உரிமம் மூன்று வகை. ஏ வகை நாடு முழுவதற்கும், பி வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு, சி வகை அதற்குள் ஒரு சிறு பகுதிக்கு. பாலக்காடு மாவட்டம் கேரள வட்டத்தில் இருக்கிறது, பொள்ளாச்சி தமிழ்நாடு வட்டத்தில். தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர் எல்லை தாண்டி ஓர் அடி வந்தாலும் சட்டத்துக்குப் புறம்பு. தமிழ்நாடு அரசு கேபிள், தமிழ்நாடு ஃபைபர்நெட் இரண்டும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். இந்தப் பக்கத்து அரசு நெட்வொர்க்கான கேஃபோனும் அதே மாதிரி அங்கே போகாது. போஸ்டும் வேறு மின்வாரியத்துடையது. அனுமதியில்லாமல் கட்டிய ஒயரை கேஎஸ்இபி லைன்மேன் ஒரு நாள் அறுத்துப் போட்டால் கேட்க நாதியில்லை. சின்ன விஷயம்தானே என்று யாராவது இழுத்துத் தருவதாகச் சொன்னால், பணம் கொடுக்கும் முன் பில் தருவாரா என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நாடு முழுவதும் உரிமம் உள்ள பெரிய நிறுவனங்களுக்கும் நிர்வாகம் வட்டம் வட்டமாகத்தான். பொள்ளாச்சிக் கடையில் கொழிஞ்சாம்பாறை முகவரிக்கு இணைப்பு கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தொலைபேசிக் குறியீடே இங்கே 04923, அங்கே 04259. இந்தப் பக்கத்துச் சித்தூரிலோ பாலக்காட்டிலோ கேளுங்கள்.

எல்லையில் ஒரு லாபமும் உண்டு. கம்பி வராது; கைபேசி அலை வரும். அதைக் கடைசியில் காப்பு இணைப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கிடைப்பதில் எதை எடுப்பது

ஃபைபர் கிடைத்தால் ஃபைபர். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. வேகம் இரண்டாவது காரணம்தான். மழையோ, பக்கத்து வீட்டுக் கூட்டமோ, கோவில் திருவிழாவுக்கு வந்த ஆயிரம் கைபேசிகளோ அதைப் பெரிதாக அசைக்காது, அதனால்தான்.

இந்தப் பக்கம் காதில் விழக்கூடிய பெயர்கள்: பிஎஸ்என்எல்லின் பாரத் ஃபைபர், கேரளா விஷன், கேஃபோன், ஜியோஃபைபர், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், ரயில்டெல்லின் ரயில்வயர். கேரளா விஷன் என்பது கேரளத்து கேபிள் டிவிக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நிறுவனம். பிஎஸ்என்எல் பல ஊர்களில் தன் ஃபைபர் இணைப்பை உள்ளூர்க் கூட்டாளிகள் வழியாகத்தான் கொடுக்கிறது. அந்தக் கூட்டாளி பெரும்பாலும் பழைய கேபிள் டிவிக்காரராகவே இருப்பார். கேஃபோனும் வீடு வரை ஒயர் இழுக்கிற கடைசி மைலுக்கு உள்ளூர் ஆட்களையே நம்பியிருக்கிறது. ஆக மூன்று விளம்பரம், மூன்று விலைப்பட்டியல், கடைசியில் வந்து நிற்கிற ஆள் ஒருவரே என்பது சிற்றூரில் சகஜம். அவரிடமே நேராகக் கேளுங்கள்: "மூணும் வெச்சிருக்கீங்களே, உங்க வீட்டுக்கு எது போட்டிருக்கீங்க?" அந்தப் பதிலைவிட நல்ல விமர்சனம் எங்கும் கிடைக்காது.

கேஃபோன் பற்றி வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்பதால் ஒரு பத்தி. கேரள அரசின் ஃபைபர் நெட்வொர்க் அது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைத்தார்கள். கேஎஸ்இபியின் போஸ்டுகளிலும் துணைமின் நிலையங்களிலும் ஏறி வருவதால், கரண்ட் போகிற இடமெல்லாம் போக முடியும் என்பதுதான் அதன் கணக்கு. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு என்று ஆரம்பித்தார்கள். புதிதாகக் குடிவந்தவர் இலவசத்தை நம்பி உட்கார வேண்டாம். கட்டண இணைப்பே தொடங்கும்போது 20 எம்பிபிஎஸ் மாதம் 299 ரூபாய் என்றுதான் வைத்தார்கள், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டுகிற முறையில். உங்கள் தெருவில் வந்திருந்தால் விசாரிக்கத் தகுந்த விலை.

ஃபைபர் என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டுக்குள்ள ஃபைபரே வருமா, இல்ல போஸ்ட் வரைக்கும் ஃபைபர் வந்து அங்கிருந்து லேன் ஒயரா?" இரண்டாவது வகை இன்னும் அங்கங்கே இருக்கிறது. அதில் தெருவில் ஒரு பெட்டிக்குள் சுவிட்ச் இருக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் இருக்காது. அதைவிட மோசம், அந்த லேன் ஒயர் செம்பு. இடி இறங்கினால் நேராக உங்கள் ரூட்டருக்கு வரும். கண்ணாடி இழையே வீடு வரை வந்தால், நடுவில் பிரிக்கிற பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை.

ஃபைபர் இல்லை என்றால் அடுத்தது ஏர்ஃபைபர். ஏர்டெல், ஜியோ இரண்டும் 2023இல் தொடங்கியவை. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வருவது 5ஜி அலை. மாடியில் ஒரு பெட்டியை டவரைப் பார்த்து வைப்பார்கள், அங்கிருந்து ஒயர் கீழே ரூட்டருக்கு இறங்கும். டவர் பக்கத்தில், நடுவில் மறைப்பில்லாமல் இருந்தால் நன்றாகவே ஓடும். ஆனால் 5ஜிக்கு அதிகம் பயன்படுகிற 3500 மெகாஹெர்ட்ஸ் அலை இலை தழையைக் கண்டால் சோர்ந்துவிடும். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு என்றால், பொருத்த வருபவரிடம் பெட்டியைக் கையில் பிடித்து மாடியின் நாலு மூலையிலும் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி அடிப்பது அப்புறம். அந்த இணைப்பு நீங்கள் கொடுத்த முகவரிக்கானது. ஊருக்குப் போகும்போது கழற்றி எடுத்துப்போய்ப் பயன்படுத்தலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

அதுவும் இல்லை என்றால் 4ஜி ரூட்டர், ஒரு சிம். வெளியே ஆண்டெனா மாட்டும் வசதியுள்ள ரூட்டராகப் பாருங்கள். பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது. அது பயன்படுத்துகிற 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரமும் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். வாங்குகிற ரூட்டர் அந்த அலைக்குரிய 28ஆம் பேண்டைப் பிடிக்குமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பல ரூட்டர்கள் பிடிக்காது.

செயற்கைக்கோள் இணையம் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. நெல்லியாம்பதி மலை எஸ்டேட்டில் இருப்பவருக்கு அது பொருந்தும். கொழிஞ்சாம்பாறையில் தெருவில் ஃபைபர் இருக்கும்போது வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

நான்காம் படி: சிக்னலை அளந்து பாருங்கள்

ஏர்ஃபைபரோ 4ஜியோ எடுக்கப்போகிறவர்களுக்கு மட்டும் இது. ஃபைபர் கிடைத்தவர்கள் தாண்டிப் போகலாம்.

கைபேசியில் நாலு கோடு காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில், சிம் விவரம் என்ற இடத்தில், சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் இருக்கும். அது மைனஸ் எண். மைனஸ் 85 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 110க்குக் கீழே போனால் அந்த நிறுவனத்தை மறந்துவிடுங்கள். வீட்டுக்குள், வாசலில், மாடியில் மூன்று இடத்திலும் பாருங்கள். மாடிக்கும் அறைக்கும் இருபது புள்ளி வித்தியாசம் இருந்தால் ரூட்டரை மாடியில் வைப்பதுதான் வழி.

அதன்பின் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு வேகம் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப் போதும். காலை பத்து மணிக்கு 40 காட்டிய டவர் ராத்திரி சீரியல் நேரத்தில் 3 காட்டுவது சாதாரணம். பக்கத்தில் எந்த நிறுவனத்தின் டவர் எங்கே இருக்கிறது என்று தெரிய, தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் இடத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. கேரள சிம் திடீரென்று தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனியாகக் காசு பிடிக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் பல கைபேசிகளிலும் ரூட்டர்களிலும் டேட்டா ரோமிங் அணைந்தே இருக்கும். சிக்னல் முழுதாக இருக்கும், மேலே சின்னதாக ஓர் ஆர் எழுத்து, நெட் மட்டும் இருக்காது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ரோமிங்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். ரூட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்களில் சிலருக்கு இதுதான் வியாதி.

ஐந்தாம் படி: காகிதம்

ஆதார் தமிழ்நாட்டு முகவரியில் இருந்தால் அடையாளத்துக்கு ஒத்துக்கொள்வார்கள். இணைப்பு வருகிற முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரர் பெயரிலுள்ள கேஎஸ்இபி பில் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். வார்டு எண்ணும் வீட்டு எண்ணும் பஞ்சாயத்துக் கணக்குப்படி எழுதுங்கள். "மாரியம்மன் கோவில் பின்னால்" என்பது கேபிள்காரருக்குப் புரியும், ஆப்புக்குப் புரியாது. ஆன்லைன் படிவம் தகராறு செய்தால் கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவில் செய்து கொடுப்பார்கள்.

ஆறாம் படி: இணைக்க வரும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள்

இந்த ஒரு மணி நேரம்தான் அடுத்த மூன்று வருடத்தை முடிவு செய்யும். டீ கொடுங்கள், கூடவே நின்று பாருங்கள்.

முதலில் ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடம். ஜன்னல் வழியாக விட்டுக் கதவை மூடினால் இழை நசுங்கும். சுவரில் துளை போட்டு, வெளிப்பக்கம் ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மீதி ஒயரை வெட்டாமல் ஒரு சுருளாக மேலே கட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளை முனை உடைந்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சுருள் டீ கிளாஸ் வாயைவிடச் சிறிதாகக் கூடாது. கண்ணாடி இழை ஒடியாவிட்டாலும், இறுக்கி வளைத்தால் ஒளி வளைவில் கசிந்துவிடும்.

அடுத்தது முனை. ஃபைபர் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் கனெக்டர் பச்சையாக இருக்கும், அல்லது நீலமாக. பச்சையைப் பச்சையில் செருக வேண்டும், நீலத்தை நீலத்தில். பச்சையின் முகம் சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தினுடையது நேர். மாற்றிச் செருகினாலும் விளக்கு எரியும், நெட்டும் வரும். ஆனால் ஒளி பாதி வீணாகும். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. வந்தவர் கையில் ஒளியின் வலிமையை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று இருக்கும்.

"ஏனுங்க, பவர் எவ்வளவு வருதுங்க?"

"மைனஸ் இருவத்தொண்ணுங்க."

அது நல்ல பதில். மைனஸ் 15க்கும் 24க்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 27 என்பது பொதுவான ஃபைபர் மோடத்தின் விளிம்பு. இன்று ஓடும், காற்றில் ஒயர் கொஞ்சம் ஆடினால் சிவப்பு விளக்கு எரியும். ஏன் குறைகிறது என்றால், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்றரைப் புள்ளி போகும். எட்டாகப் பிரித்தால் பத்துக்கு மேல். ஒட்டு மோசமாக இருந்தால் அதில் இன்னும் கொஞ்சம். எண் 25க்கு மேல் போனால், "போஸ்ட் பெட்டியில அந்த ஒட்டை ஒருதடவை பாருங்களேன்" என்று அப்போதே சொல்லுங்கள். ஏணி சாய்த்திருக்கும்போது செய்வார், போன பிறகு வரமாட்டார். அந்த எண்ணை மோடத்தின் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியோடு எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் தடுமாறும்போது, "அன்னைக்கு 21, இன்னைக்கு 26" என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் யாரும் ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று கதை சொல்ல முடியாது.

அவர் கிளம்பும் முன் லேன் ஒயரில் மடிக்கணினியை நேராக மாட்டி வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்தால் குறை யாருடையது என்று தெரியாது. 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு கோப்பு இறங்கும்போது திரையில் நொடிக்கு 12 எம்பி காட்டினால் ஏமாற்றவில்லை. பிளான் பிட் கணக்கு, கோப்பு பைட் கணக்கு; எட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மோடத்தை எங்கே வைப்பது? பலர் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்கு மேலே. இரண்டும் கெடுதல். வீட்டின் நடுவில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம், ஆனால் ஒரு சுவருக்கு மேல் திணறும், 2.4 மெதுவாக இருந்தாலும் திண்ணை வரைக்கும் வரும். பழைய தடித்த மண்சுவர் வீட்டில் இரண்டாவது ரூட்டர் ஒன்றை லேன் ஒயர் இழுத்துப் பின்கட்டில் வைத்துவிடுவது, மூன்று வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்குவதைவிட மலிவு, உருப்படி.

ஏழாம் படி: இடி, கரண்ட்

இந்தக் கிழக்குப் பகுதி மழை நிழல். மழை குறைவு, ஆனால் சித்திரை வெயிலுக்குப் பிறகு வரும் கோடைமழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும், பெரும்பாலும் பிற்பகலிலிருந்து இரவு வரைக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அந்தத் தட்டை ஒயரைத் தாங்குகிற இரும்புக் கம்பியில் பாயும். கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியிலேயே வெட்டிவிட்டு, உறை போட்ட இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். அதைவிடப் பெரும்பாலான மோடங்கள் சாவது கரண்ட் பிளக் வழியாகத்தான். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவதுதான் மருந்து. சுவிட்சை அணைப்பது போதாது.

கரண்ட் போனால் நெட் போகக்கூடாது என்பவர்களுக்கு ரூட்டர் யுபிஎஸ் என்று கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டி போதும். மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட்தான் அதிகம். மோடம் தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் சேர்த்துத் தாங்க வேண்டும். உங்களிடம் யுபிஎஸ் இருந்தும் கேபிள்காரர் கண்ட்ரோல் ரூமில் பேட்டரி இல்லையென்றால் பயனில்லை. "கரண்ட் போனா உங்க ரூம்ல எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று முன்பே கேட்டு வையுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர் காப்புக்கு ஒரு சிம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையோரத்தில் இருப்பவர் மாடியில் நின்று எந்த நிறுவனத்தின் தமிழ்நாட்டு டவர் நன்றாகப் பிடிக்கிறது என்று பார்த்து அந்த சிம்மையே எடுக்கலாம். இந்தப் பக்கம் கேஎஸ்இபி லைன் விழுந்து கிடக்கும்போதும் அந்தப் பக்கம் வேறு மின்வாரியம். எல்லை கொடுத்த லாபம் என்று சொன்னது இதைத்தான்.

எட்டாம் படி: பிளானும் பில்லும்

விளம்பர விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேராது. 399 என்றால் 471, 499 என்றால் 589. ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் பொருத்தும் செலவு இல்லை என்பார்கள். முதல் முறை அதில் விழ வேண்டாம். மூன்று மாதமாவது, முடிந்தால் ஓர் ஆடிக் காற்றையாவது பார்த்துவிட்டு நீண்ட பிளானுக்குப் போங்கள்.

எவ்வளவு வேகம் வேண்டும்? முழு எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, 4கேவுக்கு 15. நாலு பேர் வீட்டுக்கு 40, 50 தாராளம். 300 எம்பிபிஎஸ் வாங்கி வைஃபையில் 30 பார்க்கிற வீடுகள்தான் அதிகம். தோப்பில் கேமரா வைக்கிறவர்கள் மட்டும் அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேளுங்கள். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் வைத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து கேமராவை நேராகத் திறக்க நினைத்தால், வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய முகவரியான பொது ஐபி வேண்டும்; பல இணைப்புகளில் அது கிடைக்காது, அதற்குத் தனிக் கட்டணம். ஆப் வழியாகப் பார்க்கும் கேமராவாக வாங்கினால் அந்தத் தொல்லையில்லை.

"அன்லிமிடெட்" என்பதற்கும் எல்லை உண்டு. வழக்கமாக மாதம் 3300 ஜிபி அளவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் வேகம் குறையும். அதை ஒரு குடும்பம் தொடுவது அரிது. கம்பியில்லாத இணைப்பில் அந்தக் கோடு இன்னும் கீழே இருக்கும், அங்கே கவனியுங்கள்.

ஒன்பதாம் படி: நெட் போனால்

மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. அணைத்துப் போடுவதில் பலனில்லை. தெருவில் போய் மட்டை விழுந்திருக்கிறதா, குடிநீர்க் குழாய்க்கு யாராவது தோண்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தின் படத்தைக் கேபிள்காரருக்கு அனுப்புங்கள். தேடுகிற வேலை அவருக்கு மிச்சம், வருகிற வேகம் உங்களுக்கு லாபம். சிவப்பு இல்லாமல் நெட் மட்டும் இல்லையென்றால் கோளாறு கண்ட்ரோல் ரூமிலோ பணம் கட்டாததிலோ இருக்கும்.

அவரைக் கூப்பிட்ட கையோடு கம்பெனியிலும் புகார் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். உள்ளூர் ஆள் சங்கடப்படுவார் என்று பலர் இதைச் செய்வதில்லை. எண் இல்லாத புகார் நடக்கவே இல்லாத புகார். இந்த வட்டத்து வாடிக்கையாளர் சேவையில் முதலில் மலையாளம்தான் வரும்; மொழி தேர்வு செய்கிற இடத்தில் அவசரப்பட வேண்டாம். புகாருக்குத் தீர்வு வரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணை வைத்து எழுதலாம்; அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டைக் காலி செய்யும்போது இணைப்பை எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மோடம் அவர்களுடையது என்றால் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது புத்தகம் இல்லை என்றால், மோடத்தின் அடியில் இருக்கிற சீரியல் எண் தெரிய ஒரு படம் எடுத்து, "இன்று ஒப்படைத்தேன்" என்று அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, அவர் "ஓகே" போட்ட பிறகு டெபாசிட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.